கை வைத்தியம்: ஷாம்பு முதல் ரெய்கி வரை

எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் பக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. தண்ணீர் வராத நேரம், கணபதி விழா வசூல் கணக்கு இவற்றுக்கு நடுவே எப்போதும் இரண்டு மூன்று வண்ணத் தாள்கள் தொங்கும். ரெய்கி, பிராணிக் ஹீலிங், சக்ரா பேலன்ஸிங், ஹோலிஸ்டிக் மசாஜ். புனேயில் இது சகஜம். நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்தும் முதுகும் போன கூட்டம் இங்கே அதிகம் என்பதால் வியாபாரமும் நன்றாகவே நடக்கிறது. எல்லாத் தாள்களிலும் பொதுவாக ஒரு வரி இருக்கும்: "5000 ஆண்டுகள் பழமையான கலை."

இந்த 5000 என்கிற எண்தான் என்னைக் கொஞ்ச நாளாகக் குடைந்துகொண்டிருந்தது. நேரம் கிடைத்தபோதெல்லாம் ஒவ்வொன்றின் வரலாற்றையும் தேடிப் படித்தேன். படித்ததில் இரண்டு விஷயம் தெளிவாயிற்று. ஒன்று, இவற்றில் பலவற்றுக்குப் பிறந்த வருடமும் பெற்றவர் பெயரும் நன்றாகவே தெரியும். இரண்டு, அப்படிப் பெற்றவர்களில் பாதிப் பேர் நம்மைப் போலப் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர்கள், அல்லது போனவர்களின் பிள்ளைகள். கையில் ஒரு தொழிலோடு வேற்றூருக்குப் போய், அந்த ஊர்க்காரர்கள் வாங்குகிற மாதிரி அதற்கு ஒரு கதை ஒட்டி விற்றவர்கள்.

(டிஸ்கி: நான் மருத்துவன் இல்லை. பகலில் டேட்டாபேஸ் மேய்ப்பவன். வைத்திய ஆலோசனைக்கு உங்கள் டாக்டரைப் பாருங்கள்.)

பாட்னாக்காரர் கொண்டுபோன ஷாம்பு

முதல் கதை ஷேக் தீன் முகமதுவினுடையது. 1759ல் பாட்னாவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் ஒரு ஐரிஷ் அதிகாரியிடம் சேர்ந்தார். அந்த அதிகாரி ஊர் திரும்பியபோது இவரும் கூடவே கப்பலேறி 1784ல் அயர்லாந்தின் கார்க் நகருக்குப் போனார். அங்கேயே ஒரு ஐரிஷ் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். 1794ல் தன் பயண அனுபவங்களைப் புத்தகமாகப் போட்டார். ஒரு இந்தியர் ஆங்கிலத்தில் எழுதி வெளியான முதல் புத்தகம் அதுதான்.

பிறகு லண்டன். அங்கே பேஸில் காக்ரேன் என்று ஒருவர். நம்ம மதராசில் கம்பெனி வேலை பார்த்துக் கொள்ளையாகச் சம்பாதித்துத் திரும்பியவர், ஒரு நீராவிக் குளியலகம் நடத்திக்கொண்டிருந்தார். தீன் முகமது அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1810ல் தனியாக இந்தியச் சாப்பாட்டுக் கடை ஒன்று திறந்தார். லண்டனில் இந்தியர் ஒருவர் திறந்த முதல் உணவகம் அது. இரண்டே வருடத்தில் திவால். ஐம்பதைத் தாண்டிய வயதில் குடும்பத்தோடு நடுத்தெரு.

1814ல் கடற்கரை ஊரான பிரைட்டனுக்குக் குடிபோனார். நோயாளியை மூலிகை ஆவியில் வேர்க்க வைத்து, ஃபிளானல் துணிக் கூடாரத்துக்குள் உட்கார்த்தி, கூடாரத்தில் தைத்திருக்கும் கைப்பை போன்ற துளைகள் வழியாக வெளியிலிருந்து கையை நுழைத்து உடம்பைப் பிடித்துவிடுவது. இதற்கு அவர் வைத்த பெயர் 'ஷாம்பூயிங்'. அழுத்து, பிசை என்று பொருள்படும் 'சாம்ப்னா' என்கிற இந்திச் சொல்லிலிருந்து வந்தது. இன்று நாம் ஒரு ரூபாய் பாக்கெட்டில் வாங்கிய ஷாம்புவின் பூர்வீகம் இதுதான். அப்போது அதற்கும் தலைமுடிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது!

கூட்டம் அலைமோதியது. குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்களைச் சுவரில் மாட்டி வைத்தாராம். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்று இரண்டு மன்னர்களுக்கு 'ஷாம்பூயிங் சர்ஜன்' ஆனார். 1851ல் இறந்தார்.

இதில் எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். 1822ல் அவர் தன் சிகிச்சை பற்றி எழுதிய புத்தகத்தில், தான் பிறந்தது 1749 என்றும், படையில் முறையாக மருத்துவப் பயிற்சி பெற்றதாகவும் போட்டுக்கொண்டார். அதாவது ரெஸ்யூமில் பத்து வருடம் கூட்டிப் போட்டிருக்கிறார். நம் துறையில் இது எவ்வளவு பழைய வித்தை என்று பாருங்கள் :-) உடம்பு பிடிக்கிற அவர் கை நிஜம். வந்தவர்களுக்குச் சுகம் கிடைத்ததும் நிஜம். ஆனால் 'சுகமாகப் பிடித்துவிடுவேன்' என்று சொன்னால் மட்டும் விலை போகவில்லை. 'டாக்டர்' என்றும் 'கிழக்கின் ரகசியம்' என்றும் லேபிள் வேண்டியிருந்தது. இந்தக் கையையும் லேபிளையும் தனித்தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாக் கதையிலும் இரண்டும் வரும்.

பாதாமி மரமும் பன்னிரண்டு வயதுப் பையனும்

'கண்ணுக்குத் தெரியாத சக்தி' என்கிற லேபிளுக்குப் பெரிய அளவில் சந்தை பிடித்தவர் ஒரு ஐரோப்பியர், ஃபிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர். 1734ல் பிறந்தவர், வியன்னாவில் மருத்துவம் படித்தவர். பிரபஞ்சமெங்கும் ஒரு நுண்ணிய திரவம் ஓடுகிறது, உடம்புக்குள் அது தடைபட்டால் நோய், தடையை நீக்கினால் குணம் என்றார். வியன்னாவில் சிக்கலாகி 1778ல் பாரீசுக்கு வந்தார். மரத்தொட்டியைச் சுற்றி நோயாளிகளை உட்கார்த்தி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். மெல்லிய சங்கீதம். கொஞ்ச நேரத்தில் ஒருவர் அழுவார், ஒருவர் வலிப்பு வந்தது போல விழுவார். 'தடை விலகிவிட்டது' என்பார் மெஸ்மர்.

பாரீஸே பைத்தியமாயிற்று. 1784ல் மன்னர் பதினாறாம் லூயி ஒரு விசாரணைக் குழு போட்டார. அமெரிக்கத் தூதராக இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியல் மேதை லவாய்சியர், பின்னாளில் தலை வெட்டும் எந்திரத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த டாக்டர் கில்லட்டின் எல்லாரும் அதில் உறுப்பினர்கள்.

ஃபிராங்க்ளினுக்கு அப்போது 78 வயது, வெளியே போக முடியாத உடல்நிலை. அதனால் சோதனை அவர் வீட்டுத் தோட்டத்திலேயே நடந்தது. மெஸ்மரின் சீடர் ஒருவர் ஒரு பாதாமி மரத்துக்கு மட்டும் 'சக்தி ஏற்றினார்'. அவரே தேர்ந்தெடுத்து அழைத்து வந்திருந்த பன்னிரண்டு வயதுப் பையனின் கண்ணைக் கட்டி, சக்தி ஏற்றாத வேறு நான்கு மரங்களிடம் ஒவ்வொன்றாகக் கூட்டிப்போனார்கள். முதல் மரத்தில் பையனுக்கு வேர்த்தது. அடுத்தடுத்த மரங்களில் தலை சுற்றியது. நான்காவது மரத்தில் மயங்கியே விழுந்துவிட்டான். சக்தி ஏற்றிய மரமோ தள்ளி எங்கேயோ நின்றுகொண்டிருந்தது!

குழுவின் தீர்ப்பு நிதானமானது. விளைவு நிஜம், பையன் நடிக்கவில்லை. ஆனால் அதை உண்டாக்கியது திரவம் இல்லை, அவன் நம்பிக்கை. கண்ணைக் கட்டிச் சோதிக்கும் முறை மருத்துவ ஆராய்ச்சிக்குள் வந்த ஆரம்ப நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று.

மெஸ்மரின் வித்தை இந்தியாவுக்கும் வந்தது. ஜேம்ஸ் எஸ்டெயில் என்கிற ஸ்காட்லாந்து சர்ஜன் வங்காளத்தின் ஹூக்ளியில் வேலை பார்த்தார். மயக்க மருந்து என்ற ஒன்றே இல்லாத காலம். அறுவைச் சிகிச்சை என்றால் நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அறுப்பதுதான். 1845ல் அவர் நோயாளிகளின் உடம்பின் மேலே கையால் தடவுவது போல மெல்ல அசைத்து அசைத்து ஆழ்ந்த மயக்கத்தில் கொண்டுபோய், பெரிய பெரிய கட்டிகளை அகற்றினார். தடவுகிற வேலை மணிக்கணக்கில் இழுக்கும் என்பதால் அதற்கு உள்ளூர் உதவியாளர்களைப் பழக்கியிருந்தார். அரசாங்கம் குழு போட்டுப் பார்த்து, 1846ல் கல்கத்தாவில் இதற்கென்றே ஒரு ஆஸ்பத்திரியும் கொடுத்தது.

அதே 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் கொடுத்து முதல் பகிரங்க அறுவைச் சிகிச்சை நடந்தது. மறு வருடமே ஈதர் கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. நம்பிக்கை இருக்கிறவர், இல்லாதவர் யாரானாலும் சில நிமிடத்தில் மயக்கம். மெஸ்மரின் முறைக்கு அங்கே அதற்கப்புறம் அதிக ஆயுள் இல்லை. அந்த நோயாளிகளை நினைத்தால், ஈதர் வருவதற்கு முன் எஸ்டெயில் கையில் சிக்கியவர்கள் மற்றவர்களைவிட அதிர்ஷ்டசாலிகள்தான். வேறு நல்ல வழி இல்லாத இடத்தில் இந்த மாதிரி முறைக்கு ஒரு நியாயம் இருந்தது. நல்ல வழி வந்த பிறகும் பிடித்துத் தொங்கினால்தான் ஆபத்து. இதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

லோனாவாலாவில் எக்ஸ்ரே

நம் யோகாவுக்கு வருவோம். 'யோகா 5000 வருடம்' என்றால் பதில் சொல்வது சிக்கல். மூச்சடக்குவது, தியானம், ஆதாரங்கள் பற்றியெல்லாம் நம் திருமூலரே பாடி வைத்திருக்கிறார். அந்தப் பழமையில் சந்தேகமில்லை. ஆனால் பாயை விரித்து, வரிசையாக ஆசனம் போட்டு, 'முதுகு வலிக்கு இது, சர்க்கரைக்கு இது' என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பு இருக்கிறதே, அதற்கு வயது நூறு சொச்சம்தான்.

அது பிறந்த இடங்களில் ஒன்று, புனேயிலிருந்து மும்பை போகிற வழியில் நாமெல்லாம் சிக்கி வாங்க வண்டியை நிறுத்துகிற லோனாவாலா. 1924ல் சுவாமி குவலயானந்தர் அங்கே கைவல்யதாமத்தை ஆரம்பித்தார். அதே வருடம் 'யோக மீமாம்சா' என்று ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகையும். யோகத்தை எக்ஸ்ரே கருவி, அழுத்தமானி இவற்றுக்கு முன்னால் உட்கார்த்தியவர் அவர். நௌலி செய்யும்போது பெருங்குடலுக்குள் அழுத்தம் குறைகிறது என்பதை அளந்தே காட்டினார். 'சக்தி' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், 'சரி, என்னதான் நடக்கிறது பார்ப்போம்' என்ற மனசு. எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

இன்னொரு பிறப்பிடம் மைசூர். 1933ல் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் தயவில் ஜகன்மோகன் அரண்மனையில் டி. கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தினார். உலகம் முழுக்க இன்று நடக்கிற யோகா வகுப்புகளில் பெரும்பகுதி அவர் மாணவர்கள் வழி வந்ததுதான். சுதந்திரத்துக்குப் பிறகு அவர் சென்னைக்கு வந்துவிட்டார். 1976ல் அவர் மகன் தேசிகாச்சார் சென்னையில் ஆரம்பித்ததுதான் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம். ஆசான் 1989ல் நூறு வயதில் சென்னையில் காலமானார்.

அவருடைய மைத்துனர், நோஞ்சான் பையன், 1937ல் புனேக்கு அனுப்பப்பட்டார். வயது 18. மராத்தி தெரியாது. டெக்கான் ஜிம்கானாவில் ஆறு மாத வேலை. ஆறு மாதம் என்று வந்து அப்படியே இந்த ஊரிலேயே தங்கிவிட்ட கதை நம்மில் எத்தனை பேருக்குப் பொருந்தும்! அவர்தான் பி.கே.எஸ். அய்யங்கார். சின்ன வயதில் காசநோய், டைஃபாய்டு எல்லாம் பார்த்த உடம்பு. அதனாலோ என்னவோ, வளையாத உடம்புக்காரர்களின் கஷ்டம் அவருக்குத் தெரிந்திருந்தது. சுவர், கயிறு, கட்டை, தலையணை, நாற்காலி என்று முட்டுக் கொடுத்து யாரையும் ஆசனத்தில் நிறுத்தும் முறையை உருவாக்கினார். 1952ல் வயலின் மேதை யெஹுதி மெனுஹினைச் சந்தித்தது திருப்புமுனை. 1966ல் 'லைட் ஆன் யோகா' வெளிவந்தது. 1975ல் மனைவி ரமாமணி நினைவாகப் புனேயில் நிலையம் திறந்தார். 2014ல் இங்கேயே காலமானார்.

யோகிகள் இதயத்தை நிறுத்துவார்கள் என்ற பேச்சையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1950களின் கடைசியில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்தியா வந்து, தில்லி எய்ம்ஸின் டாக்டர் ஆனந்தோடு சேர்ந்து சில யோகிகளுக்கு ஈசிஜி எடுத்தார்கள். 1961ல் முடிவு வெளியானது. மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, நாடி கைக்கு அகப்படாமல் போகிறது, ஸ்டெதஸ்கோப்பிலும் சத்தம் கேட்பதில்லை. ஆனால் ஈசிஜியில் இதயம் பாட்டுக்குத் துடித்துக்கொண்டேதான் இருந்தது. அசாத்தியமான பயிற்சிதான், ஆனால் அற்புதம் இல்லை.

அடையாறு வழியாக நியூயார்க்

சக்ரா விஷயத்தில் ஒரு வேடிக்கை. மேல்நாட்டுக்காரர்களுக்கு அதை விரிவாக அறிமுகப்படுத்தியவர் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி! சர் ஜான் வுட்ரோஃப், 'ஆர்தர் அவலான்' என்ற புனைபெயரில் 1919ல் 16ஆம் நூற்றாண்டு சமஸ்கிருத நூல் ஒன்றை மொழிபெயர்த்து விளக்கம் எழுதினார். அடுத்து 1927ல் தியோசாபிகல் சொசைட்டியைச் சேர்ந்த லெட்பீட்டர் 'தி சக்ராஸ்' என்று வண்ணப் படங்களோடு ஒரு புத்தகம் போட்டார். அந்தச் சொசைட்டியின் தலைமையகம் நம் அடையாறு. மூலநூல்களில் ஒரு சாதகன் தியானத்தில் நினைத்துக்கொள்ள வேண்டிய உருவமாக இருந்தது, இந்தப் புத்தகங்கள் வழியாகப் போய், 'உங்கள் சக்ரா அடைத்திருக்கிறது, திறந்துவிடுகிறேன்' என்று குழாய் ரிப்பேர் மாதிரி திரும்பி வந்துவிட்டது.

ரெய்கி இன்னும் இளையது. ஜப்பானில் மிகாவோ உசுய் (1865-1926) குராமா மலையில் 21 நாள் உபவாசம் இருந்து பெற்றதாகச் சொல்லப்படுவது 1922ல். அவருடைய சீடர் ஹயாஷி, ஓய்வு பெற்ற கடற்படை அதிகாரி. அதை ஜப்பானுக்கு வெளியே கொண்டுபோனவர் ஹவாயோ தகாதா என்ற பெண்மணி. ஹவாய்த் தீவுக்குப் பிழைக்க வந்த ஜப்பானியக் குடும்பத்தில் 1900ல் பிறந்தவர். இளம் வயதில் கணவனை இழந்து, இரண்டு பெண் குழந்தைகளோடு, உடம்பும் கெட்டு, 1935ல் ஜப்பான் போனார். ஹயாஷியின் சிகிச்சை நிலையத்தில் குணமாகி, தொழிலையும் கற்றுக்கொண்டு ஹவாய் திரும்பினார். பிறகு போர் வந்தது. ஜப்பான் என்றாலே அமெரிக்காவில் பகையாகப் பார்த்த காலம். அவர் சொன்ன ரெய்கிக் கதையில் உசுய் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி முதல்வர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். பின்னால் தேடியவர்களுக்கு அப்படி எந்தப் பதிவும் கிடைக்கவில்லை. ஏன் சொன்னார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. தீன் முகமதுவின் பத்து வருடம் மாதிரிதான் இதுவும். மாஸ்டர் பட்டத்துக்கு அவர் வைத்த கட்டணம் 10,000 டாலர். 1980ல் இறக்கும்போது 22 மாஸ்டர்களை உருவாக்கியிருந்தார். உலகத்தில் பெரும்பாலான ரெய்கி வகுப்புகள் அந்த 22 பேர் வழியாக வந்தவை.

பிராணிக் ஹீலிங்? சீன வம்சாவளியில் வந்த பிலிப்பைன்ஸ்காரர் சோவா கொக் சூயி எழுதிய புத்தகத்தோடு 1987ல் வெளியே வந்தது. அந்தப் புத்தகத்தின் தலைப்பிலேயே 'தொன்மையான' என்ற சொல் உண்டு :-)

1970களில் நியூயார்க்கில் செவிலியர் பேராசிரியை டொலோரஸ் க்ரீகரும், தியோசாபிகல் சொசைட்டியின் டோரா குன்ஸும் 'தெராப்யூடிக் டச்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். பெயரில்தான் டச். உடம்பைத் தொடாமல் நாலு விரற்கடை மேலே கையை நகர்த்தி 'பிராணனை'ச் சரி செய்வது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நிறைய நர்ஸ்கள் கற்றுக்கொண்டார்கள்.

எமிலி ரோசா என்று ஒரு சிறுமி. வயது ஒன்பது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஒரு சோதனை செய்தாள். நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு. அதிலுள்ள ஓட்டைகள் வழியாக ஹீலர் இரண்டு கைகளையும் நீட்டிவைக்க வேண்டும். எமிலி காசு சுண்டிப் பார்த்து, இரண்டில் ஒரு கைக்கு மேலே தன் கையை வைப்பாள். எந்தக் கைக்கு மேல் 'சக்தி' தெரிகிறது? அவ்வளவுதான் கேள்வி. 21 ஹீலர்கள், 280 தடவை. சரியான பதில் 44 சதவீதம். குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலே பாதி தேறியிருக்கும்! 1998ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையில் இது வெளியானது. ஃபிராங்க்ளினின் பாதாமி மரத்துக்கு 214 வருடம் கழித்து அதே கேள்வி, அதே பதில்.

அப்படியென்றால் எல்லாம் டுபாக்கூரா?

இல்லை. லேபிளைக் கிழித்துப் போட்டாலும் கை மிச்சமிருக்கிறதே.

நம் தோலில் மெதுவான வருடலுக்கென்றே தனி நரம்பிழைகள் உண்டு. நொடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில் தடவினால் அவை நன்றாக வேலை செய்யும். அம்மா குழந்தையின் தலையைத் தடவுகிற வேகம் அது. 1986ல் டிஃபனி ஃபீல்டு என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் குறைமாதக் குழந்தைகளுக்குத் தினமும் மூன்று வேளை, வேளைக்கு 15 நிமிடம் என்று பத்து நாள் உடம்பு பிடித்துவிடச் செய்தார். மற்ற குழந்தைகளைவிட இவர்களுக்கு எடை 47 சதவீதம் அதிகம் ஏறியது. நம் பாட்டிகள் குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து உருவிவிட்டதில் வீணான வேலை ஒன்றும் இல்லை. (மூக்கில் ஊதுவது, எண்ணெய் விடுவது மட்டும் வேண்டாம்!)

2017ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டியில் கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் இவற்றைப் பாருங்கள் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. புதிதாக வந்த வலிக்கு ஒத்தடமும் மசாஜும், நாள்பட்ட வலிக்கு உடற்பயிற்சி, யோகா, தியானப் பயிற்சி என்று.

இதில் சுவாரசியமானது அக்குபங்சர். 2007ல் ஜெர்மனியில் முதுகு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். முறையான புள்ளிகளில் ஊசி குத்தியவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல பலன். புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம்தான். புள்ளியும் சக்திப் பாதையும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் படுக்கவைத்து, ஒருவர் பக்கத்தில் இருந்து, கவனமாக ஏதோ செய்கிறார் என்பது நிறையச் செய்திருக்கிறது.

மன்னார்குடியில் என் அம்மா தனியாக இருக்கிறார். மூட்டுத் தேய்மானம். வாரம் இரண்டு முறை தெருக்கோடியில் ஒரு அம்மாள் வந்து முழங்காலுக்கு மேலே கையை வைத்து 'சக்தி' கொடுக்கிறாராம். நான் எமிலி கதையை எடுத்துவிட்டபோது தங்கமணி சொன்னது இது: "ஏங்க, அந்தம்மா முக்கால் மணி நேரம் பக்கத்துல உக்காந்து அத்தை பேசறதைக் கேக்கறாங்க. ஊர்ல வேற யாரு இருக்கா அவங்களுக்கு? டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்தாம இருக்காங்களான்னு மட்டும் பாருங்க." விசாரித்தேன். நிறுத்தவில்லை. அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை.

எங்கே பயப்பட வேண்டும்?

சில வருடம் முன்பு இங்கே தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்து அக்காவுக்கு மார்பில் கட்டி. சின்னதுதான். கத்தி வைக்க பயம். யாரோ சொல்லி ஒரு ஹீலரிடம் போனார். 'ஆறு மாதத்தில் கரைந்துவிடும், நெகட்டிவாக நினைக்காதீர்கள், டாக்டரிடம் போனால் என் சக்தி வேலை செய்யாது' என்றாராம். எட்டு மாதம் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போனபோது எலும்பு வரை பரவிவிட்டது. பத்தாவது படிக்கிற பையனை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஊரிலாக இருந்தால் 'முதல்ல டாக்டர்கிட்ட காட்டுடி' என்று அதட்ட ஒரு பெரியம்மா, ஒரு நாத்தனார் இருந்திருப்பார்கள். வெளியூரில் அதட்ட ஆள் இல்லை. இந்தப் பதிவை நான் எழுதுவதற்கு நிஜமான காரணம் அந்த அக்காதான்.

அவர் ஒருவர் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்த புற்றுநோயாளிகளை வைத்து 2018ல் ஒரு ஆய்வு வந்தது. மருத்துவத்தை விட்டுவிட்டு மாற்றுமுறையை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்தரை மடங்குக்கும் மேல்.

எங்கள் வீட்டில் நாங்கள் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு இது. உங்களுக்கும் உதவலாம்.

1. முதலில் என்ன நோய் என்று டாக்டர் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் கை வைத்தியம் எல்லாம். கட்டி, காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தப்போக்கு, நெஞ்சுவலி, கைகால் மரத்துப் போவது இவற்றுக்கு நேரே ஆஸ்பத்திரி.

2. 'மாத்திரையை நிறுத்து', 'டாக்டரிடம் சொல்லாதே' என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிட வேண்டும்.

3. புற்றுநோய், சர்க்கரை போன்ற பட்டியலிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துக்கோ மந்திர சிகிச்சைக்கோ விளம்பரம் செய்வது 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அறிவிப்புப் பலகையில் அப்படிப் பார்த்தால் குடியிருப்புச் செயலரிடம் சொல்லிக் கழற்றச் சொல்லலாம். நாங்கள் செய்தோம்.

4. மசாஜிலும் ஜாக்கிரதை வேண்டும். ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் பிடித்துவிடக் கூடாது. உள்ளே ரத்தக்கட்டு இருக்கலாம். வயதானவர்களின் எலும்பு பலவீனம், கர்ப்பம் இவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கழுத்தைச் சட்டென்று திருகிச் சொடுக்க யாரையும் விடாதீர்கள்.

5. முதல் நிலை, இரண்டாம் நிலை, மாஸ்டர் நிலை என்று கட்டணம் ஏறிக்கொண்டே போனால், அங்கே வைத்தியத்தைவிட வகுப்புதான் முக்கியமான வியாபாரம்.

இது எல்லாம் தாண்டி, கழுத்து வலிக்கு நல்ல கைக்காரர் ஒருவரிடம் போய் ஒரு மணி நேரம் படுத்து எழுந்து வருவதில் தப்பே இல்லை. சுகமாக இருந்தது என்று சொல்லிவிட்டு வாருங்கள். தீன் முகமதுவின் காலத்திலிருந்தே அது நல்ல சரக்குதான், அதற்கு 5000 வருடம் தேவையில்லை. ஊருக்குப் போகும்போது அம்மா அப்பாவுக்கு நீங்களே கொஞ்சம் கால் பிடித்துவிடலாம்.

நம் ஊர் வர்மம், தொக்கணம், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது பற்றியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். அதுவே பெரிய கதை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது இரண்டு பெரியவர்களைப் பார்த்துப் பேசுவதாக இருக்கிறேன். வந்து எழுதுகிறேன்.